போர்வீரர்களைப் பற்றிய தொலைக்காட்சித் திரைப்படங்கள்: ஒரு மதிப்பீடு

திரையரங்குக்கு வராமல், தொலைக்காட்சியில் ஒளிபரப்புவதற்கென்றே எடுக்கப்படும் முழுநீளப் படத்தைத் தொலைக்காட்சித் திரைப்படம் என்கிறோம். அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் 1960-கள் முதல் இவ்வகைப் படங்கள் தொடர்ந்து வந்துள்ளன. அவற்றுள் போர்வீரர்களின் அனுபவத்தைச் சொல்பவை தனியொரு வரிசையாக வைத்துப் பார்க்கத் தக்கவை. திரையரங்கில் வெளிவந்த புகழ்பெற்ற போர்ப்படங்களை அறிந்த பலரும் இந்த வரிசையை அறிவதில்லை. பார்க்க வேண்டிய ஆறு படங்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் நிறைகுறைகளை ஒப்பிட்டு மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அளவுகோல்

பெரிய திரைக்கான போர்ப்படம் பெரும்பாலும் போர்க்களத்தை நம்பி நிற்கிறது. ஆயிரம் பேர் ஓடுவதும், குண்டு விழுந்து மண் எழுவதும், திரையரங்கு அதிர்வதும் அதன் பலம். தொலைக்காட்சிப் படத்துக்கு அந்த அளவு பணம் கிடைப்பதில்லை. திரையும் சிறியது. பார்ப்பவர் தம் வீட்டில், குடும்பத்தாரோடு உட்கார்ந்து பார்க்கிறார். ஆகவே நல்ல தொலைக்காட்சிப் போர்ப்படம் சண்டைக்கு முன்னும் பின்னும் நடப்பதைப் பற்றிக்கொள்கிறது. கட்டளை, விசாரணை, வீட்டுக்கு வரும் தந்தி, சவப்பெட்டி, மருத்துவமனைக் கட்டில் ஆகியவை அதன் காட்சிகளாகின்றன.

இந்த இடத்தில்தான் ஒரு கேள்வி எழுகிறது. ஒரு வீரனுக்கு நேர்ந்ததற்கு யார் பதில் சொல்வது? களத்தில் எதிரி சுட்டான் என்பதோடு பதில் முடிந்துவிடுகிறது. ஆனால் அவனை அங்கே அனுப்பியவர், அவனைத் தண்டித்தவர், அவன் திரும்பி வந்தபோது கண்டுகொள்ளாதவர் என்று கேள்வி பின்னோக்கிச் செல்லும்போது பதில் எளிதாகக் கிடைப்பதில்லை. ஒரு படம் இந்தக் கேள்வியை எவ்வளவு தூரம் கொண்டுசெல்கிறது என்பதே இங்கே அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. நடிப்பும் படமாக்கமும் அதற்கு அடுத்தே வருகின்றன.

எடுத்துக்கொண்ட படங்கள்

1. தி எக்ஸிகியூஷன் ஆஃப் பிரைவேட் ஸ்லோவிக் (1974, என்பிசி, இயக்கம்: லமோன்ட் ஜான்சன்) – இரண்டாம் உலகப்போர்
2. வென் டிரம்பெட்ஸ் ஃபேட் (1998, எச்பிஓ, இயக்கம்: ஜான் இர்வின்) – இரண்டாம் உலகப்போர்
3. ஃபிரண்ட்லி ஃபயர் (1979, ஏபிசி, இயக்கம்: டேவிட் கிரீன்) – வியட்நாம் போர்
4. டேக்கிங் சான்ஸ் (2009, எச்பிஓ, இயக்கம்: ராஸ் காட்ஸ்) – ஈராக் போர்
5. ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃபிரன்ட் (1979, சிபிஎஸ், இயக்கம்: டெல்பர்ட் மான்) – முதலாம் உலகப்போர்
6. டம்பிள்டவுன் (1988, பிபிசி, இயக்கம்: ரிச்சர்ட் அயர்) – ஃபாக்லாந்து போர்

இவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பார்த்தால் ஒன்றின் குறை மற்றொன்றால் விளங்கும்.

போரிட மறுத்த இருவர்

எடி ஸ்லோவிக் டெட்ராய்ட் நகரத்து இளைஞர். சிறு திருட்டுகளுக்காகச் சிறை சென்றவர் என்பதால் படைக்குத் தகுதியற்றவர் என்று முதலில் ஒதுக்கப்பட்டார். பின்னர் ஆள் தேவை கூடியபோது தகுதியுள்ளவராக மாற்றப்பட்டு, 1944-இல் பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். முன்னணியில் நின்று போரிடத் தம்மால் முடியாது, அனுப்பினால் மறுபடியும் ஓடிவிடுவேன் என்று எழுதியே கொடுத்தார். அந்தத் தாளைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்படி அதிகாரிகள் சொல்லிப் பார்த்தார்கள். அவர் மறுத்தார். சிறைத்தண்டனையோடு போய்விடும் என்பது அவர் கணக்கு. 1945 ஜனவரி 31 அன்று பிரான்சில் உள்ள செயின்ட் மாரி ஓ மீன் என்ற ஊரில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இரண்டாம் உலகப்போரில் படையை விட்டு ஓடிய குற்றத்துக்காக 21,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்கள் தண்டிக்கப்பட்டனர். அவர்களுள் 49 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. நிறைவேற்றப்பட்டது ஒருவருக்கு மட்டுமே. ஏன் இவர் என்பதே படத்தின் மையக் கேள்வி.

வில்லியம் பிராட்ஃபோர்ட் ஹியூயி 1954-இல் எழுதிய நூலை அடிப்படையாகக் கொண்டது இப்படம். 1960-இல் ஃபிராங்க் சினாட்ரா இதைத் திரையரங்குப் படமாக எடுக்க முனைந்து, எதிர்ப்புக் கிளம்பியதால் கைவிட்டார். திரையரங்கு கைவிட்ட கதையைப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் தொலைக்காட்சி எடுத்துக்கொண்டது. ஸ்லோவிக்காக நடித்த மார்ட்டின் ஷீன் அவரைத் தியாகியாக்கவில்லை. புது மனைவியோடு ஒரு சிறு வீட்டில் நிம்மதியாக இருக்க விரும்பிய, அதற்கு மேல் எதையும் யோசிக்கத் தெரியாத ஒரு மனிதனாகவே காட்டுகிறார்.

படத்தின் வலிமை அதன் நிதானத்தில் இருக்கிறது. தண்டனையை நிறைவேற்றும் நடைமுறைகள் ஒவ்வொன்றாக, அவசரமின்றிக் காட்டப்படுகின்றன. பாதிரியார், அதிகாரிகள், சுடுவதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட சிப்பாய்கள் என்று ஒவ்வொருவரும் தமக்கு இட்ட வேலையை ஒழுங்காகச் செய்கிறார்கள். யாரும் கொடியவர் இல்லை. எல்லாரும் விதிப்படி நடந்ததால் ஒருவர் இறக்கிறார். பொறுப்பு எவர் தலையிலும் நிற்காமல் கைமாறிக்கொண்டே போவதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய போர்ப்படங்கள் குறைவு. ஸ்லோவிக்கின் மனைவிக்குக் கணவர் எப்படி இறந்தார் என்ற உண்மை 1953 வரை தெரியாது என்பதையும் சேர்த்து நினைத்தால் அந்தக் கைமாற்றத்தின் நீளம் புரியும்.

ஸ்லோவிக் சேர்க்கப்பட்டிருந்த படைப்பிரிவு 28-ஆவது காலாட்படை டிவிஷன். அவரது விசாரணை நடந்த 1944 நவம்பரில் அந்த டிவிஷன் ஜெர்மனியின் ஹூர்ட்கன் காட்டில் சிக்கி, 6,000-க்கும் மேற்பட்டவர்களை இழந்துகொண்டிருந்தது. வென் டிரம்பெட்ஸ் ஃபேட் அந்தக் காட்டிலேயே நடக்கிறது. இதன் நாயகனான டேவிட் மானிங் கற்பனைப் பாத்திரம். தன் பிளட்டூனில் அவன் ஒருவனே உயிரோடு மிஞ்சுகிறான். மனநிலை சரியில்லை என்று எழுதித் தன்னை வீட்டுக்கு அனுப்பும்படி கேட்கிறான். உயிர்பிழைக்கத் தெரிந்தவன் என்பதாலேயே அவனுக்குச் சார்ஜென்ட் பதவி கொடுத்து, போர் அறியாத பையன்களை அவன் கையில் ஒப்படைக்கிறார்கள்.

இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு ஓர் உண்மை உறைக்கும். ஒரே டிவிஷனில், ஏறத்தாழ ஒரே காலத்தில், இருவர் போரிலிருந்து விலகக் கேட்கிறார்கள். ஒருவருக்குக் கிடைத்தது கம்பமும் துப்பாக்கிக் குண்டும். மற்றவனுக்குக் கிடைத்தது பதவி உயர்வு. கோழை, வீரன் என்ற இரண்டு சொற்களையும் படை தன் தேவைக்கேற்பவே வழங்குகிறது என்பதை இரு படங்களும் சேர்ந்து சொல்கின்றன.

வென் டிரம்பெட்ஸ் ஃபேட் வெளியான சில வாரங்களிலேயே ஸ்பீல்பெர்க்கின் சேவிங் பிரைவேட் ரயன் திரையரங்குகளுக்கு வந்தது. அந்த ஆரவாரத்தில் இப்படம் மறைந்துபோனது. தொடக்கத்தில் மானிங் காயம்பட்ட தோழனைச் சுமந்து செல்கிறான். முடிவில் அவனையே இன்னொருவன் சுமக்கிறான். இந்த வட்டம் கொஞ்சம் அதிகமாகக் கணக்குப் பார்த்து அமைக்கப்பட்டது போலத் தோன்றுவது உண்மை. துணைப் பாத்திரங்களும் முழுமை பெறவில்லை. ஆயினும் வெற்றியென்று எதையும் காட்டாமல் முடிக்கும் துணிவு இதற்கு இருக்கிறது.

வீடு வந்த இரண்டு சவப்பெட்டிகள்

மைக்கேல் மல்லன் அயோவா மாநிலத்து விவசாயக் குடும்பத்தின் மூத்த மகன். 1970 பிப்ரவரியில் வியட்நாமில் இறந்தார். அவரைக் கொன்றது அவருடைய படையின் பீரங்கிக் குண்டே. சொந்தப் படையின் சூட்டில் இறந்தவர் என்பதால் எதிரியால் கொல்லப்பட்டோர் கணக்கில் அவர் சேர்க்கப்படவில்லை. பெற்றோரான பெக், ஜீன் மல்லன் இருவரும் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். கடிதம் எழுதினார்கள், மகனோடு இருந்தவர்களைத் தேடிப் பிடித்தார்கள், அயோவாவில் இறந்த வீரர் ஒவ்வொருவருக்கும் ஒரு சிலுவை என்று வரைந்து நாளிதழில் விளம்பரம் கொடுத்தார்கள்.

இந்த வரலாற்றை சி. டி. பி. பிரையன் 1976-இல் நூலாக எழுதினார். அதைத் தழுவிய ஃபிரண்ட்லி ஃபயர் படத்தின் திரைக்கதை ஃபே கானின் எழுதியது. நகைச்சுவை நிகழ்ச்சிகளால் வீடுதோறும் அறியப்பட்ட கேரல் பர்னெட் தாயாக நடித்தார். சிரிக்க வைத்த முகம் இறுகிப்போவதைப் பார்த்த அன்றைய பார்வையாளர்களுக்கு அதுவே ஓர் அதிர்ச்சியாக இருந்திருக்கும். ஸ்லோவிக் படத்தில் பாதிரியாராக வந்த நெட் பீட்டி இதில் தந்தை.

புறநானூற்றின் மூதின்முல்லைத் துறையைப் படித்த தமிழ் மாணவர் அங்கே மகனைத் தானே போருக்கு அனுப்பும் தாயை அறிவார். பெக் மல்லன் அதற்கு நேர் எதிரில் நிற்கும் தாய். மகனின் மரணத்தில் பெருமைப்படும்படி அரசு எதிர்பார்க்கிறது. அவரோ அரசிடம் கணக்குக் கேட்கிறார்.

இப்படத்தின் உண்மையான சிறப்பு அடுத்த கட்டத்தில் இருக்கிறது. அரசு எதையோ மறைக்கிறது என்று பெற்றோர் உறுதியாக நம்புகிறார்கள். பிரையன் விசாரித்துக் கண்டது வேறு. பீரங்கியைக் குறிவைத்தவர்கள் குன்றின் மேலிருந்த மரங்களின் உயரத்தைக் கணக்கில் சேர்க்கத் தவறிவிட்டார்கள். குண்டு மரத்தில் பட்டு மேலேயே வெடித்தது. சதி இல்லை, கணக்குப் பிழை. பெற்றோரால் இதை ஏற்க முடியவில்லை. படம் பிரையனின் முடிவையும் பெற்றோரின் மறுப்பையும் அருகருகே வைத்துவிட்டு விலகிக்கொள்கிறது. அரசுதான் குற்றவாளி என்று முடித்திருந்தால் பார்வையாளர் கோபத்தோடு எழுந்துபோயிருப்பார். இப்போது அவருக்கு அந்த வசதி இல்லை. மல்லன் குடும்பத்தின் முதற்கேள்வி, அந்தக் குன்றின் மேல் தங்கள் மகனுக்கு என்ன வேலை என்பது. மரத்தின் உயரம் அதற்குப் பதிலாகாது. சிறந்த நாடகத்துக்கான எம்மி விருது இப்படத்துக்குக் கிடைத்தது.

டேக்கிங் சான்ஸ் படத்திலும் ஒரு சவப்பெட்டி வீடு வருகிறது. ஈராக்கில் 2004 ஏப்ரலில் கொல்லப்பட்ட சான்ஸ் ஃபெல்ப்ஸ் என்ற இளம் மரைன் வீரரின் உடலை, லெப்டினன்ட் கர்னல் மைக்கேல் ஸ்ட்ரோபில் டெலவரிலிருந்து வயோமிங் மாநிலத்தின் சிற்றூர் வரை கொண்டுசேர்த்த உண்மை நிகழ்ச்சி இது. சண்டைக் காட்சி இல்லை. உடலைக் கழுவும் கைகள், பெட்டியை விமானத்தில் ஏற்றும் பணியாளர்கள், நெடுஞ்சாலையில் விளக்கைப் போட்டுக்கொண்டு பின்தொடரும் வண்டிகள் ஆகியவைதான் படம். கெவின் பேக்கன் மிகக் குறைவாகப் பேசி நடித்திருக்கிறார்.

இப்படத்துக்கு ஒரு வரலாற்று முக்கியத்துவமும் உண்டு. டோவர் விமானத் தளத்தில் வந்திறங்கும் சவப்பெட்டிகளைப் படமெடுக்க 1991 முதல் ஊடகங்களுக்குத் தடை இருந்தது. அந்தத் தடையைத் தளர்த்துவதாக அறிவிப்பு வந்த 2009 பிப்ரவரியில்தான் இப்படமும் ஒளிபரப்பானது. நாடு பார்க்கக் கூடாது என்று மறைக்கப்பட்டதை இப்படம் வீட்டுக்குள் கொண்டுவந்தது.

அதற்கு மேல் இது போகவில்லை. வழியில் காண்போர் எல்லாரும் மரியாதை செய்கிறார்கள். ஒருவரும் ஏன் என்று கேட்பதில்லை. போரை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் சேர்ந்து கண்ணீர் விடலாம், விட்ட பின் இருவரும் தத்தம் இடத்திலேயே இருக்கலாம். துக்கத்தை இவ்வளவு நேர்மையாகக் காட்டும் படம் கேள்வியைத் தவிர்த்ததை மன்னிக்கலாம் என்பவர் உண்டு. முப்பது ஆண்டு முன்பே ஃபிரண்ட்லி ஃபயர் இரண்டையும் சேர்த்துச் செய்து காட்டியிருப்பதால், அந்தச் சலுகையை முழுதாகக் கொடுக்க முடியவில்லை.

உயிரோடு திரும்பிய இருவர்

எரிக் மரியா ரெமார்க்கின் நாவல் 1929-இல் நூலாக வந்தது. லூயிஸ் மைல்ஸ்டோன் இயக்கிய 1930-ஆம் ஆண்டுத் திரைப்படமும், 2022-இல் வந்த ஜெர்மன் படமும் பரவலாக அறியப்பட்டவை. நடுவில் வந்த 1979-ஆம் ஆண்டுத் தொலைக்காட்சிப் படத்தைப் பேசுவோர் குறைவு. இயக்குநர் டெல்பர்ட் மான் இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். அவருடைய மார்ட்டி படத்தில் நாயகனாக நடித்த எர்னஸ்ட் போர்க்னைன் இதில் அனுபவமுள்ள முதிய சிப்பாய் காட்சின்ஸ்கியாக வருகிறார். நாயகன் பால் பாய்மராக ரிச்சர்ட் தாமஸ்.

இப்படத்தில் விடுப்பில் வீடு திரும்பும் பகுதி குறிப்பிடத்தக்கது. படுக்கையில் கிடக்கும் தாயிடம் பால் உண்மையைச் சொல்ல முடியாது. ஊர்ப் பெரியவர்களோ வரைபடத்தைப் பார்த்தபடி அவனுக்கே போர் எப்படி நடத்த வேண்டும் என்று பாடம் எடுக்கிறார்கள். வீடு அவனுக்கு அந்நியமாகிவிட்டது. 2022 படம் இந்த விடுப்புப் பகுதியை முற்றிலும் விட்டுவிட்டு, களத்தையும் போர்நிறுத்தப் பேச்சையும் விரித்தது. காட்சி பிரமாண்டத்தில் புதிய படம் எங்கோ இருக்கிறது. ஆனால் நாவலின் உயிர்நாடியான இந்தப் பகுதியைத் தெரிந்துகொள்ள 1979 படத்துக்குத்தான் வர வேண்டும்.

டம்பிள்டவுன் படத்தின் ராபர்ட் லாரன்ஸ் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையில் லெப்டினன்ட். 1982 ஜூன் 14 அன்று, அர்ஜென்டினப் படை சரணடைவதற்குச் சில மணி நேரம் முன்பு, டம்பிள்டவுன் மலையில் தலையில் குண்டு பாய்ந்தது. வயது 21. பிழைத்தார், ஆனால் உடலின் இடப்பக்கம் செயலிழந்தது. சார்லஸ் வுட் எழுதிய இப்படம் கதையை நேர்கோட்டில் சொல்வதில்லை. மருத்துவமனை, வீடு, மலை என்று மாறி மாறிச் செல்கிறது. லாரன்ஸாக நடித்த கோலின் ஃபர்த் அப்போது இளம் நடிகர்.

இப்படம் பார்வையாளரின் அனுதாபத்தைக் கெஞ்சிப் பெறுவதில்லை. லாரன்ஸ் திமிர் பிடித்தவராக, போரை ரசித்தவராகவே காட்டப்படுகிறார். துப்பாக்கிமுனைக் கத்தியால் ஒருவரைக் குத்திக் கொல்லும் காட்சி நீளமானது, அருவருப்பூட்டுவது. அந்த உற்சாகத்துக்கும் அவர் தலையில் பாயும் குண்டுக்கும் இடையே அதிக நேரம் இல்லை. வெற்றி கொண்டாடும் நாடு சக்கர நாற்காலியில் இருக்கும் தன் வீரனை எங்கே உட்கார வைப்பது என்று தடுமாறுகிறது. நல்லவனுக்கு அநீதி நேர்ந்தால் வருந்துவது எளிது. நமக்குப் பிடிக்காத ஒருவனுக்கும் நாடு கடன்பட்டிருக்கிறது என்று ஒப்பவைப்பது கடினம். டம்பிள்டவுன் அதைச் செய்கிறது.

வரிசையின் பெருங்குறை

இந்த ஆறு படங்களையும் ஒன்றாக வைத்தால் ஒரு குறை கண்ணில் படும். ஐந்தில் எதிர்ப்பக்கத்து மனிதர் இல்லை. ஃபிரண்ட்லி ஃபயர் வியட்நாமியரைப் பற்றிப் பேசுவதில்லை. டேக்கிங் சான்ஸ் படத்தில் ஈராக் என்பது கைக்கடிகாரம் காட்டும் நேரம் மட்டுமே. ஃபாக்லாந்து போரில் பிரித்தானியத் தரப்பில் 255 பேரும் அர்ஜென்டினத் தரப்பில் 649 பேரும் இறந்தனர். டம்பிள்டவுன் காட்டும் அர்ஜென்டினர்கள் இருட்டில் தோன்றி மறைபவர்கள்.

யார் பதில் சொல்வது என்ற கேள்வி இங்கே நாட்டின் எல்லையோடு நின்றுவிடுகிறது. நம் மகனை அனுப்பியவர் யார் என்று கேட்கும் படம், நம் மகன் கொன்ற மகனைப் பற்றிக் கேட்பதில்லை. தொலைக்காட்சி தன் நாட்டு வீட்டுக்கூடத்தை நோக்கிப் பேசும் ஊடகம் என்பது இதற்கு ஒரு காரணமாகலாம். வீட்டுக்கு நெருக்கமாக இருப்பது எதை இந்தப் படங்களுக்குப் பலமாக்கியதோ, அதுவே எல்லையாகவும் ஆனது.

விதிவிலக்கு ஆல் கொயட் மட்டுமே. ஒரு காலத்தில் எதிரியாக இருந்த ஜெர்மானியரின் கதையை அமெரிக்கத் தொலைக்காட்சி சொன்னது என்பது ஒன்று. குழிக்குள் தான் குத்திய பிரெஞ்சுச் சிப்பாய் மெல்ல மெல்லச் சாவதைப் பால் ஓர் இரவு முழுக்க அருகிருந்து பார்ப்பதும், அவனுக்கும் பெயரும் மனைவியும் உண்டு என்று அறிவதும் மற்றொன்று. ஆறு படங்களில் எதிரிக்குப் பெயர் கிடைக்கும் இடம் அது ஒன்றே.

பார்க்கும் முறை

வரலாறோ இலக்கியமோ பயிலும் மாணவர்கள் இப்படங்களை வெளியான ஆண்டு வரிசையில் பார்க்காமல், மேற்சொன்ன இணைகளாகப் பார்ப்பது பயன் தரும். நேரம் குறைவாக உள்ளவர்கள் ஃபிரண்ட்லி ஃபயரிலிருந்து தொடங்கலாம். ஆறில் அதுவே முதன்மையானது. அடுத்து ஸ்லோவிக், பின் டம்பிள்டவுன். டேக்கிங் சான்ஸ் படத்தை ஃபிரண்ட்லி ஃபயருக்குப் பிறகு பார்ப்பது நல்லது. முதலில் பார்த்தால் அதன் அமைதி மட்டுமே மனத்தில் நிற்கும், அது எதைச் சொல்லாமல் விட்டது என்பது தெரியாமல் போய்விடும்.

ஸ்லோவிக், மல்லன், ஃபெல்ப்ஸ், லாரன்ஸ் ஆகியோர் உண்மையில் வாழ்ந்த மனிதர்கள். பால் பாய்மரும் மானிங்கும் கற்பனை. இந்த வேறுபாட்டை மறக்காமல் பார்க்க வேண்டும். உண்மை மனிதரின் கதையிலும் உரையாடல்கள் எழுத்தாளர் அமைத்தவையே, ஆகவே படத்தை வரலாற்றுச் சான்றாக அப்படியே எடுத்தாளக் கூடாது.

ஒவ்வொரு படமும் முடிந்தபின் இரண்டு கேள்விகளை எழுதி வைத்துக்கொள்ளலாம். இந்த வீரனுக்கு நேர்ந்ததற்குப் பதில் சொல்ல வேண்டியவராக யாரைப் படம் காட்டியது? யாரைக் காட்டாமல் விட்டது? ஆறு படங்களுக்கும் இப்படி எழுதிப் பார்த்தால், இரண்டாவது கேள்விக்கான பட்டியலே நீளமாக இருக்கும்.